கடற்கரை ஊர்ல இருந்து பொதுவுல எழுதுறவங்களுக்கு: போஸ்ட் போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செய்ய வேண்டியது

பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் நடக்குற கடல் சங்கதிய ஊர் வாட்ஸ்அப் குரூப்லயும் ஃபேஸ்புக்லயும் எழுதிட்டு வர்றேன், 7 வருஷம் ஆச்சு. கடைசி 2 வருஷமா ஊர்ல கொஞ்சம் பயலுக, பிள்ளைகளுக்கு இதச் சொல்லியும் குடுக்குறேன். எல்லாரும் ஒரே எடத்துல தான் வழுக்குறாங்க. எழுதத் தெரியாம இல்ல, நல்லாவே எழுதுறாங்க, ஆனா வரிசை தலைகீழா இருக்கு, மொதல்ல போட்டுடுறாங்க, அப்புறம் விசாரிக்கிறாங்க, அதுக்கப்புறம் தான் யார் வீட்டுல அழுகுரல் கேக்குதுன்னு பாக்குறாங்க. அந்த வரிசைய நேராக்குறது எப்படின்னு தான் கீழ எழுதிருக்கேன். படகு காணோம், மீனவர் கைது, புயல், விபத்து, ஊர்ச் சண்டை எதுவா இருந்தாலும் இதே படி தான்.

1. சம்பவம் நடக்குறதுக்கு முன்னாடியே கையில இருக்க வேண்டியது

அவசரத்துல நம்பர் தேட ஆரம்பிச்சா தேட மாட்டீங்க, கேள்விப்பட்டத அப்படியே போட்டுருவீங்க. அதனால இன்னைக்கே போன்ல சேவ் பண்ணி வைங்க: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீஸ் 1093, கலெக்டர் ஆபீஸ் பேரிடர் கண்ட்ரோல் ரூம் 1077. பண மோசடின்னா 1930. இது போக உங்க ஊர் மீன்துறை ஆபீஸ், உங்க ஜெட்டியில (படகுத்துறையில) விசைப்படகு சங்கத்துல ஒருத்தர், நாட்டுப்படகு சங்கத்துல ஒருத்தர். ரெண்டு சங்கமும் வேணும், ஏன்னா விசைப்படகு சங்கதி நாட்டுப்படகுக்காரருக்குத் தெரிஞ்சிருக்காது, அவுக சங்கதி இவுகளுக்குத் தெரியாது.

ரெண்டாவது, ஒரு சின்ன நோட்டு. யார் சொன்னா, எத்தனை மணிக்கு சொன்னா, என்ன வார்த்தையில சொன்னா, மூணையும் அதுல குறிங்க. ரெண்டு நாள் கழிச்சு "நான் அப்படிச் சொல்லலயே தம்பி"ன்னு ஒருத்தர் சொல்றப்ப ஞாபகத்த நம்பி நிக்க முடியாது.

மூணாவது, ராத்திரி 11 மணிக்கும் போன் எடுக்குற ஒரு ஆள். போடுறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்ட. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்ற கூட்டாளி இதுக்கு ஆகாது. எனக்கு எங்க அக்கா தான். "இது உனக்கு எப்படித் தெரியும்?"னு ஒரே கேள்வி தான் கேக்கும், அதுலயே பாதி வரி போயிரும்.

2. மொதல்ல எழுதுறது நோட்ஸ்ல, போஸ்ட் பெட்டியில இல்ல

போஸ்ட் பெட்டியில எழுதுனா விரலுக்குப் பக்கத்துலயே அம்புக்குறி இருக்கும், முடிச்ச ஒடனே தட்டத் தான் தோணும். வாட்ஸ்அப்ல அனுப்புன செய்திய 15 நிமிஷத்துக்குள்ள தான் திருத்தலாம், எல்லாருக்கும் அழிக்கிறதுக்கு ஏறக்குறைய 2 நாள் இருக்கு, ஆனா அதுக்குள்ள ஃபார்வேர்டு ஆன காப்பிய நீங்க தொடக்கூட முடியாது. ஃபேஸ்புக்ல திருத்துனா பழைய வாசகத்தையும் எடுத்துப் பாத்துக்கலாம். அதனால நோட்ஸ்ல எழுதுங்க, மூடுங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்து திரும்ப வாசிங்க, அப்புறம் காப்பி பண்ணி ஒட்டுங்க.

புதுசா வர்றவங்க "அதுக்குள்ள வேற யாராவது போட்ருவாங்களே"ன்னு சொல்வாங்க. போடட்டும். கடலுக்குப் போனவரோட வீட்டுக்கு மொதல்ல போட்டது யாருங்கிறது முக்கியமே இல்ல.

3. இத மொதல்ல யாரு வாசிக்கப் போறாங்கன்னு நெனைங்க

இது தான் முக்கியமான படி, இத நான் அடிபட்டுத் தான் கத்துக்கிட்டேன்.

4 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலைல, ராத்திரி கடலுக்குப் போன ஒரு படகு திரும்பலன்னு ஜெட்டியில பேச்சு. போன்ல ஒருத்தர் நம்பர் சொன்னாரு, காத்து இரைச்சலோட. நம்ம பக்கத்து விசைப்படகு நம்பர் பெரும்பாலும் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்னு தான் ஆரம்பிக்கும், கடைசியில வர்ற ரெண்டு மூணு இலக்கம் தான் ஒரு படகையும் இன்னொரு படகையும் பிரிக்குது. அவரு அறுபத்தெட்டுன்னு சொன்னத நான் எண்பத்தாறுன்னு கேட்டுக்கிட்டு அப்படியே போட்டுட்டேன். திரும்பிக் கேக்கல. அந்த இன்னொரு படகு டிரைவரோட சம்சாரம் நண்டுக் கம்பெனியில வேலை பாக்குறாக. பக்கத்துல நின்ன பொண்ணு போனைக் காட்டிருக்கு. கையுறையக் கூட கழட்டாம, நண்டுச் சதை ஒட்டுன கையோட ஆட்டோ பிடிச்சு ஜெட்டிக்கு வந்துட்டாக. நான் அங்க தான் நின்னேன். அவுக வீட்டுக்காரரு படகு பத்து மணி போல வந்து சேந்துச்சு, கணவாயும் நண்டுமா நல்லாவே மாட்டிருக்கு, இஞ்சின் மக்கர் பண்ணி லேட்டு, அவ்வளவு தான். அவுக என்னைத் திட்டல. "ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல தம்பி, எங்க வீட்டு நம்பர் ஊருக்கே தெரியுமே"ன்னாக.

அன்னையில இருந்து எனக்கு 3 விதி. ஒண்ணு, படகு நம்பர ரெண்டு பேரு தனித்தனியா சொல்லணும், ரெண்டு பேரும் ஒவ்வொரு இலக்கமா சொல்லணும், "ஆறு, எட்டு"ன்னு. ரெண்டு, சங்கத்துக்காரர் வீட்டுக்கு ஆள் போய்ச் சொல்லியாச்சுன்னு எனக்கு உறுதி பண்ற வரைக்கும் நம்பரும் கெடையாது, பேரும் கெடையாது, தெருவும் கெடையாது. மூணு, தெரு, மாதா கோயில், பள்ளிவாசல் மாதிரி அடையாளம் வச்சு "இன்னார் தான்"னு கண்டுபிடிக்கிற மாதிரியும் எழுதக் கூடாது, நம்ம ஊருல "மூணாவது தெரு, ரெண்டு பொண்ணு, மூத்தது நர்சிங் படிக்குது"ன்னு சொன்னா பேரச் சொன்ன மாதிரி தான்.

"ஒரு படகு இன்னும் கரை திரும்பல, சங்கமும் கடலோரக் காவல்படையும் தேடுறாங்க, குடும்பத்துக்குத் தகவல் சொல்லப்படுது"ன்னு எழுதுனா போதும். வாசிக்கிறவங்களுக்குச் செய்தி போயிரும்.

4. பாத்தது, கேட்டது, நெனைச்சது மூணையும் பிரிங்க

நோட்ஸ்ல எழுதுனத ஒவ்வொரு வரியா எடுங்க. வரிக்கு முன்னாடி பா, கே, நி-ன்னு ஒரு எழுத்து போடுங்க. நீங்க கண்ணால பாத்ததுக்கு பா, இன்னொருத்தர் சொன்னதுக்கு கே, நீங்களா ஊகிச்சதுக்கு நி. அப்புறம் நி போட்ட வரி எல்லாத்தையும் எடுத்துருங்க. கே போட்ட வரியில யார் சொன்னதுங்கிறது இருக்கணும், பேரு போட முடியாட்டி "அதே ஜெட்டியில இருந்து போன இன்னொரு படகு ஆள்"னு சொல்லலாம்.

புதுசா வர்றவங்க தப்பு பண்றது "-ஆம்" போட்டு எழுதுறதுல. "கைது பண்ணிட்டாங்களாம்", "அடிச்சாங்களாம்". அந்த ஆம் போட்டா பொறுப்பு நம்ம மேல இல்லன்னு நெனைப்பு. ஆனா அது நாலு குரூப் தாண்டுறப்ப அந்த ஆம் உதிந்து போயி "கைது பண்ணிட்டாங்க, அடிச்சாங்க"ன்னு நிக்கும், கீழ உங்க பேரு இருக்கும்.

நாள் கணக்கும் பாருங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அப்ப விசைப்படகு கடலுக்குப் போகாது. மே மாசம் "நேத்து ராத்திரி ராமேஸ்வரம் விசைப்படகு 5 சிறைபிடிப்பு"ன்னு வந்தா அது பெரும்பாலும் பழசு. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லங்கிறதையும் மறந்துராதீங்க. மத்த மாசத்துலயும் விசைப்படகு தினமும் போறதில்ல, வழக்கமா வாரத்துல 3 நாள் தான். அன்னைக்கு கடலுக்குப் போக அனுமதி டோக்கன் குடுத்தாங்களான்னு மீன்துறையில கேட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும்.

5. படமும் வீடியோவும்

நம்ம பக்கத்துக்கு ஒரு வசதி இருக்கு, பாம்பன் பாலம். வீடியோவுல பாலம் தெரிஞ்சா காலத்த ஓரளவு பிடிச்சிரலாம். பழைய ரயில் பாலத்துல நடுவுல ரெண்டு பக்கமும் கை விரிக்கிற மாதிரி தூக்கிட்டு இருந்துச்சு. புதுசுல ரெண்டு கோபுரம் இருக்கும், நடுத்துண்டு அப்படியே மேல ஏறும். பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயில நிறுத்திட்டாங்க, புதுசு தொறந்தது 2025 ஏப்ரல் 6. அதனால பழைய பாலத்துல ரயில் போறப்ப அலை அடிக்குற வீடியோவ "இன்னைக்கு காலைல பாம்பன்"னு யாராவது அனுப்புனா அது 2022-க்கோ அதுக்கு முன்னாடிக்கோ உள்ளது.

அதே மாதிரி 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்துல கொட்டுன மழை வீடியோ ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் புதுசா கெளம்பி வரும். கடை போர்டு, பஸ் நெறம், சுவத்துல ஒட்டுன போஸ்டர் இதெல்லாம் உத்துப் பாருங்க. கூகுள் லென்ஸ்ல ஒரு ஃபிரேமப் போட்டுத் தேடுங்க. வாட்ஸ்அப்ல ரெட்டை அம்பு போட்டு பல தடவை ஃபார்வேர்டு ஆனதுன்னு வந்தா அத நீங்க ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்கு மட்டும் தான் அனுப்ப முடியும். அந்த எடத்துல கொஞ்சம் நிக்கணும்னு தான் அப்படி வச்சிருக்காங்க, நில்லுங்க.

கரை ஒதுங்குன உடம்போட படம் எந்தக் காரணத்துக்கும் வேணாம். முகத்த மறைச்சும் வேணாம். கைலி நெறத்த வச்சு, கையில கட்டுன கயித்த வச்சு வீட்டுல கண்டுபிடிச்சிருவாங்க, பெத்தவங்க அப்படித் தெரிஞ்சுக்கக் கூடாது.

இன்னொண்ணு, ஆவுளியாவோ (கடல் பசு) ஆமையோ வலையில மாட்டி உசுரோட விட்டத படம் எடுத்துப் போடுறது நல்லது தான், ஆனா எந்த எடம்னு குறிக்காதீங்க, அப்புறம் வேட்டைக்கு வர்றவனுக்கு நீங்களே வழி காட்டுன மாதிரி ஆயிரும். கடல் அட்டை, கடல் குதிரையும் அப்படித் தான், சட்டத்துல பாதுகாப்பு உள்ளது. கேமரால எடத்தப் பதியிற செட்டிங் ஆன்ல இருந்தா படத்த டாக்குமெண்டா அனுப்புறப்ப எடமும் சேந்து போகும், அத ஆஃப் பண்ணிருங்க.

6. புயலும் காத்தும் எழுதுறப்ப

இதுல தப்பு எழுதுனா ஆள் சாவான், இல்லாட்டி ஒரு நாள் பொழப்பு போகும். அதனால சொந்தமா ஒரு வார்த்தை கூட சேக்காதீங்க, வானிலை மையம் எந்த வார்த்தை போட்டுருக்கோ அதே வார்த்தை.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் நாலும் வேற வேற. காத்து மணிக்கு 31-ல இருந்து 49 கி.மீ. வரைக்கும் தாழ்வு மண்டலம், 50-ல இருந்து 61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டா தான் புயல், அப்ப தான் பேரே வைப்பாங்க. தாழ்வுப் பகுதியா இருக்குறப்பவே "அடுத்த புயல் பேரு இது, நம்ம பக்கம் தான் வருது"ன்னு எழுதுறது ரொம்ப நடக்குது. நாலு தடவை அப்படி வந்து புயல் வராமப் போனா அஞ்சாவது தடவை நெசமா வர்றப்ப யாரும் படக நகத்த மாட்டாங்க.

அடுத்தது கூண்டு, துறைமுகத்துல ஏத்துற புயல் எச்சரிக்கை அடையாளம். பாம்பன்ல 3-ம் எண் கூண்டு ஏத்துனா ஒடனே "பாம்பனுக்கு 3-ம் எண் புயல்"னு ஒருத்தர் போடுவாரு. அது புயலோட எண் இல்ல. கூண்டு 1-ல இருந்து 11 வரைக்கும் இருக்கு. 3-ன்னா துறைமுகத்துக்கு பலத்த காத்தால ஆபத்து இருக்குன்னு உள்ளூர் எச்சரிக்கை. 10-ன்னா தீவிரப் புயல் துறைமுகத்து மேலயோ பக்கத்துலயோ கடக்கும்னு பெரும் அபாயம், 11-ன்னா தகவல் தொடர்பே அறுந்து போச்சுன்னு அர்த்தம். எண்ணப் போட்டா பக்கத்துலயே அர்த்தத்தையும் போடுங்க, வயசானவுகளுக்குத் தெரியும், எளவட்டங்களுக்குத் தெரியாது.

காத்து வேகத்த அளக்குற நாட் (knot) கணக்கையும் கிலோமீட்டரையும் கலக்குறது இன்னொரு பெரிய தப்பு. 1 நாட்னா மணிக்கு 1.852 கி.மீ. 35 நாட் காத்துங்கிறது ஏறக்குறைய 65 கி.மீ. வேகம். 35-ன்னு மட்டும் எழுதுனா வாசிக்கிறவரு கிலோமீட்டர்னு நெனச்சு வத்தைய எடுத்துட்டுக் கெளம்பிருவாரு. 65 நாட்னு மாத்தி எழுதுனா 120 கி.மீ. ஆயிரும், ஊரே பதறும்.

ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் மேல தேதி, மணி, எது வரைக்கும் செல்லும்ங்கிறது இருக்கணும். தேதி இல்லாத எச்சரிக்கை அடுத்த வருஷமும் சுத்தும்.

7. தெரிஞ்சாலும் எழுதாம விட வேண்டியது

இதுல தான் நம்ம பிள்ளைக ரொம்ப வாதாடுவாங்க, "உண்மையத் தான எழுதுறேன்"னு. உண்மையே இருந்தாலும் அது யாருக்குப் பாரம் ஆகுதுன்னு பாக்கணும்.

இலங்கைக் கடற்படை நம்ம மீனவரக் கைது பண்ணிருச்சுன்னு வைங்க. எத்தனை படகு, எத்தனை பேரு, எந்த ஜெட்டியில இருந்து எப்ப போனாங்க, யார் சொன்ன தகவல், இது போதும். எழுதக் கூடாதது: இவருக்கு இது ரெண்டாவது தடவைங்கிறது. மொத தடவை பிடிபட்டவங்கள இலங்கை கோர்ட்டு பல தடவை ஒத்திவச்ச தண்டனையோட விட்டுருக்கு, ரெண்டாவது தடவைன்னு தெரிஞ்சா உள்ள போட்டுருக்கு. அனுதாபத்துல "பாவம், போன வருஷமும் மாட்டுனவரு"ன்னு நீங்க எழுதுற ஒரு வரி அவரு வீட்டுல ஒரு வருஷம் அடுப்பு எரியாமப் பண்ணலாம். எத்தனை மைல் தாண்டுனாக, இஞ்சின் எத்தனை குதிரை, என்ன வலைன்னும் எழுதாதீங்க. இழுவை வலைக்கு அங்க 2017-லயே தடை போட்டுட்டாங்க. பொய் எழுதச் சொல்லல. கோர்ட்டுல வக்கீல் சொல்ல வேண்டியத நாம ரோட்டுல சொல்ல வேணாம்னு தான் சொல்றேன்.

அந்தக் கரைய மறந்துட்டு எழுதுறதும் தப்பு. மன்னாருலயும் யாழ்ப்பாணத்துலயும் வாசிக்கிறது தமிழ் தான், நீங்க எழுதுறது அஞ்சு நிமிஷத்துல அங்க போயிரும். அங்கயும் வலை அறுந்து நட்டப்பட்ட சின்னத் தொழில்காரங்க இருக்காங்க. அவங்கள ஒட்டுமொத்தமா வசைபாடி எழுதுனா நாளைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்து பேசுறப்ப அதத் தான் எடுத்துக் காட்டுவாங்க. கடற்படை செஞ்சத எழுதுங்க, எவ்வளவு கோவமா வேணா எழுதுங்க, ஆனா மக்கள் மேல வீசாதீங்க.

சின்னப் பிள்ளை சம்பந்தப்பட்ட கேஸ்ல பேரு, படம், பள்ளிக்கூடம், அப்பா அம்மா பேரு எதுவும் கூடாது. பிள்ளை பாதிக்கப்பட்டிருந்தா போக்சோ சட்டம் 23-ம் பிரிவு, தப்பு பண்ணுனதே சின்னப் பையனா இருந்தாலும் இளையோர் நீதிச் சட்டம் 74. பாலியல் கொடுமைக்கு ஆளான பொம்பளப் பிள்ளையோட அடையாளமும் அதே மாதிரி தான்.

சண்டைன்னா சாதி, மதம் எழுதாதீங்க, சண்டைக்கு அதே காரணம்னு போலீஸ் எஃப்ஐஆர்லயே இருந்தா ஒழிய. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு திருவிழாவுக்கு எல்லா ஆளும் போற ஊரு இது, ரெண்டு பைக் மோதுனதுல ஓட்டுனவன் பேர வச்சு ஊரப் பிரிக்கிற வேலைய நம்ம விரல் செய்யக் கூடாது.

பண உதவி கேட்டு எழுதுறதா இருந்தா குடும்பத்துல ஒருத்தர நேர்ல பாத்து, அவுக சொன்ன அக்கவுண்ட் மட்டும், அவுக வாயால சரின்னு சொன்ன பிறகு. கியூஆர் படம் போட்டா அத வேற ஒருத்தன் தன்னோட கியூஆரா மாத்தி சுத்த விடுறான், அதனால எந்தப் பேருல பணம் போகும்ங்கிறத எழுத்துல போட்டு, எத்தனை நாள் வரைக்கும்னும் போடுங்க.

8. கோவத்துல எழுதுனது

கோவம் தப்பில்ல. டீசல் வெலை, எடைல ஏமாத்து, ஆஸ்பத்திரில டாக்டர் இல்ல, இதெல்லாம் எழுதியே ஆகணும். ஆனா அன்னைக்கு ராத்திரி எழுதி மறுநாள் காலைல வெளிச்சத்துல வாசிச்சுப் போடுங்க. ராத்திரி எழுதுனதுல ஆளத் திட்டுற வார்த்தை இருக்கும், காலைல அது கண்ணுல படும்.

ஒரு தம்பி எழுதிக் கொண்டாந்தது: "அந்த வியாபாரி ஒரு திருடன், மீனவன் ரத்தத்தக் குடிக்கிறான்." உக்காந்து பேசிப் பேசி கடைசியில ஆனது: "நேத்து காலைல எங்க வீட்டுத் தராசுல 22 கிலோ இருந்த நண்டு ஏலக்கூடத்துத் தராசுல 20 கிலோ காட்டுச்சு. ரெண்டு தடவை வச்சுப் பாத்தோம். தராசுல முத்திரை எப்ப போட்டதுன்னு கேட்டோம், பதில் வரல." ரெண்டாவதுல வசை எதுவும் இல்ல, ஆனா அதுக்கு எதிராளி பதில் சொல்லியே ஆகணும். மொதல்ல எழுதுனத அப்படியே போட்டிருந்தா பேச்சு தராச விட்டுட்டு தம்பியோட வாய் மேல திரும்பிருக்கும்.

எதிராளிகிட்ட ஒரு தடவை கேட்டுட்டுப் போடுங்க. போன் எடுக்கலன்னா "கேட்டோம், பதில் கிடைக்கல"ன்னு மணியோட எழுதுங்க. நாளைக்கே ரேஷன் கடை வரிசைல, டீக்கடைல அவரப் பாக்கப் போறீங்க, அப்ப நின்னு பேசுற மாதிரி இருக்கணும்.

9. சட்டம், சுருக்கமா

ஆன்லைன்ல புண்படுத்துற மாதிரி எழுதுனா கேஸ் போட வழி குடுத்த ஐடி சட்டம் 66ஏ பிரிவ சுப்ரீம் கோர்ட்டு 2015 மார்ச் 24-ல ரத்து பண்ணுனதுல இருந்து என்ன எழுதுனாலும் கேஸ் இல்லன்னு ஒரு நெனைப்பு ஊர்ல இருக்கு. அப்படி இல்ல. 2024 ஜூலை 1-ல இருந்து பழைய ஐபிசிக்குப் பதிலா நடப்புல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதால 356 அவதூறு, 2 வருஷம் வரைக்கும் சிறை உண்டு. 196 சாதி, மதம்னு மக்களுக்குள்ள பகைய மூட்டுறது, 353 வதந்தியால பொதுமக்களப் பதற வைக்கிறது. பேரிடர் பத்தி பொய் எச்சரிக்கை பரப்பி பீதியக் கெளப்புனா பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54-ம் பிரிவு, 1 வருஷம் வரைக்கும். ஃபார்வேர்டு தான் பண்ணேன்னு சொல்லித் தப்பிக்கலாம்னு நெனைக்காதீங்க.

10. போட்ட ஒடனே போன வச்சுட்டுப் போயிராதீங்க

மொத ஒரு மணி நேரம் பக்கத்துலயே இருங்க. தப்பு இருந்தா அந்த நேரத்துல தான் யாராவது சொல்வாங்க, அப்ப திருத்துனா பத்து பேரோட போயிரும், சாயங்காலம் பாத்தா பத்து குரூப் தாண்டியிருக்கும். அதனால கடலுக்குப் போறதுக்கு முன்னாடி, தூங்கப் போறதுக்கு முன்னாடி எதையும் போடாதீங்க.

வசை பாடி பதில் வந்தா ஒரே ஒரு தடவை தகவல மட்டும் சொல்லுங்க, ரெண்டாவது தடவை வேணாம். உங்களுக்கு ஆதரவா வந்து அடுத்தவரத் திட்டுறவங்களையும் நிறுத்தச் சொல்லுங்க, இத நெறைய பேரு செய்ய மாட்டாங்க, நம்ம ஆளு தானேன்னு விட்ருவாங்க. குரூப் அட்மின்னா அந்த மெசேஜ எல்லாருக்கும் அழிக்கிற வசதி உங்களுக்கு இருக்கு.

11. தப்பு ஆயிட்டா

வரிசை இது. மொதல்ல பாதிக்கப்பட்டவருக்கு போன், முடிஞ்சா நேர்ல. அப்புறம் தான் திருத்தம். திருத்தத்தப் பாத்து அவரு தெரிஞ்சுக்கக் கூடாது.

பழைய பதிவ சத்தமில்லாம அழிச்சிட்டு இருந்துராதீங்க. அழிச்சிட்டா ஸ்கிரீன்ஷாட் வச்சிருக்கவன் கையில தப்பு மட்டும் இருக்கும், திருத்தம் இருக்காது. பேரு, படம், பிள்ளை அடையாளம்னா ஒடனே எடுத்துருங்க, எடுத்தேன்னும் எழுதுங்க. மத்த தப்புக்கு அதே பதிவோட தலையில திருத்தத்தப் போடுங்க, கீழ கமெண்ட்ல இல்ல. அந்தப் பதிவு எந்தெந்த குரூப்புக்குப் போச்சோ அங்கெல்லாம் திருத்தத்தையும் நீங்களே கொண்டு போய்ப் போடணும். நோட்டுல குறிச்சு வச்சிருந்தா தான் இது முடியும்.

அந்த படகு நம்பர் தப்புக்கு நான் போட்டது இது, வேணும்னா இதே மாதிரி எழுதிக்கங்க: "திருத்தம். இன்னைக்கு காலைல 7.40-க்கு நான் போட்ட படகு நம்பர் தப்பு. அந்தப் படகு ஆட்கள் எல்லாரும் நல்லபடியா கரைக்கு வந்துட்டாக. போன்ல கேட்டத திரும்பிக் கேக்காம எழுதுனது என் தப்பு. அந்த வீட்டுல நேர்ல போய்ச் சொல்லிட்டேன். பழைய மெசேஜ் வச்சிருந்தா இதையும் சேத்து அனுப்புங்க."

"யார் மனசாவது புண்பட்டிருந்தா"ன்னு எழுதாதீங்க. புண்பட்டுச்சு, யார்னும் தெரியும். "எனக்குத் தவறான தகவல் குடுத்துட்டாங்க"ன்னும் எழுதாதீங்க, குடுத்தது அவரா இருந்தாலும் ஊருக்குப் போட்டது நீங்க.

12. பழசு மூடுறது

இத யாருமே செய்றதில்ல. காணாமப் போன பிள்ளை மறுநாளே கெடைச்சிருக்கும், பதிவு மட்டும் 3 வருஷமா போட்டோவோட சுத்திக்கிட்டே இருக்கும், அந்தப் பிள்ளை காலேஜுக்குப் போனா அங்கயும் கேப்பாங்க. கைதானவங்க விடுதலையாகி வந்தா பழைய பதிவுக்கு மேல தேதியோட ஒரு வரி சேருங்க. பணம் கேட்டு போட்டத நாள் முடிஞ்ச அன்னைக்கே மூடுங்க, எவ்வளவு சேந்துச்சு, யார் கையில குடுத்தீங்கன்னு எழுதி. யாராவது வந்து "அதுல என் பேரு வேணாம்"னு கேட்டா ஏன் எதுக்குன்னு துருவாம, பொதுவுக்கு அது இன்னும் வேணுமான்னு மட்டும் யோசிச்சு எடுங்க.

நான் இத தடைக்காலத்துல செய்றேன், படகெல்லாம் கரையில ஏத்தி பெயிண்ட் அடிச்சிட்டு இருக்குறப்ப, நோட்ட மொதல் பக்கத்துல இருந்து எடுத்து ஒவ்வொண்ணாப் பாப்பேன். போன தடவை காணவில்லைன்னு நான் போட்டதுல 11 பதிவு தொறந்தபடியே கெடந்துச்சு. போன் போட்டுக் கேட்டா அதுல 9 பேரு என்னைக்கோ வீட்டுக்கு வந்துட்டாக. அந்த ஒன்பதையும் மூடிட்டேன், மிச்சம் ரெண்டுக்கு தேதிய மாத்தி திரும்பப் போட்டுருக்கேன்.